போன் இருக்கு... பேச ஆள் இல்லையே!

கோவளம் கடற்கரையில் இங்கிலீசுக்குப் பஞ்சம் இல்லை. அலைச்சறுக்கு பழக வெளியூர்க்காரர் வருகிறார்; வெளிநாட்டுக்காரரும் வருகிறார். கொஞ்ச தூரத்தில் சிறுசேரி. வரிசையாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். இங்கிலீஷ் வந்தால் பிள்ளைக்கு வேலை என்பது மீன் விற்கும் தாய்க்கும் தெரியும்.

அதனால்தான் 'செல்போனிலேயே இங்கிலீஷ்' என்றதும் பெற்றோர் பணத்தை எண்ணி வைக்கிறார்கள். பிள்ளை படிக்கிறானா? அதுதான் கேள்வி!

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மீண்டும் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. அதுவரை கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும்தான் வாத்தியார்!

2021-ல் நாட்டின் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 'ஏசர்' கணக்கெடுப்பு உண்மையைப் போட்டு உடைத்தது. நூற்றுக்கு 67 பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட் போன் இருந்தது. ஆனால் அந்த வீடுகளிலும் நாலில் ஒரு பிள்ளைக்குப் போன் கைக்கே கிடைக்கவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பினால் போனும் கூடவே கிளம்பி விடுமே!

கிடைத்த பிள்ளைகள்? 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்தவர்களை ஊரறியும்.

பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. 2012-13-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டும் இணையத்தில் இலவசப் பாடம் நடத்தின. பதிவு 8 லட்சத்து 41 ஆயிரம். சான்றிதழ் வாங்கியது 43 ஆயிரம்தான்! நூற்றுக்கு ஐந்து. சேர்ந்தவர்களில் பலர் பட்டதாரிகள். அவர்கள் கதையே இப்படி என்றால் ஏழாம் வகுப்புப் பையன் என்ன செய்வான்?

மொழி என்பது நீச்சல் மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தால் வராது, இறங்க வேண்டும். தப்பாகப் பேசினால் சிரிக்காமல் திருத்த ஓர் ஆள் வேண்டும். நாற்பது பேர் கேட்கும்போது வாய் திறக்கக் கூச்சம். திரைக்கு அது தெரியாது.

வழி இல்லாமல் இல்லை. 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. பள்ளி விட்ட பிறகு, தெருவிலேயே, தெரிந்த அக்கா சொல்லிக் கொடுத்தார்.

இங்கிலீசுக்கும் அதுவே மருந்து. பாடம் போனில் இருக்கட்டும். மாலையில் அரை மணி நேரம், ஐந்தாறு பிள்ளைகள், பேச்சுக் கொடுக்க ஒருவர். சிறுசேரி கம்பெனி இளைஞர்கள் வாரம் ஒரு நாள் வந்தால் போதும். இடத்துக்கு ஊராட்சியும், ஏற்பாட்டுக்குக் கல்வித் துறையும் பொறுப்பேற்க வேண்டும்.

பணம் கட்டப்போகும் பெற்றோர் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "என் பிள்ளை பேசினால் அங்கே யார் கேட்பாங்க?"

பதில் இல்லையென்றால் பர்ஸைத் திறக்க வேண்டாம்!