ஒளிந்து வரும் குணம்

குழந்தை பிறந்த வீட்டில் எழும் முதல் வழக்கு, அதன் ஜாடை யாருடையது என்பதுதான். மூக்குக்கும் கண்ணுக்கும் இரு குடும்பத்தாரும் உரிமை கொண்டாடுவார்கள். ஆனால் குழந்தைக்கு ஏதேனும் குறை இருந்துவிட்டாலோ, "எங்கள் வம்சத்தில் இப்படி ஒருவரும் இல்லை" என்று ஒரு கட்சி ஒதுங்கிக்கொள்ளும். பழி பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழும். இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

மொரேவியா நாட்டில் புருனோ நகரத்து மடத்தில் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி வாழ்ந்து வந்தார். அவர் 1856-ஆம் ஆண்டு தொடங்கி எட்டு வருஷ காலம், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டு ஆராய்ந்தார். உருண்டை விதை தரும் செடியையும் சுருங்கிய விதை தரும் செடியையும் கலந்தபோது, கிடைத்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அடியோடு ஒழிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அவ்விதைகளிலிருந்து வளர்ந்த செடிகள் தந்த 7324 விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மகனிடம் காணாத குணம் பேரனிடம் திரும்பி வந்துவிட்டது. 1866-இல் அச்சேறிய இவ்வுண்மையை உலகம் உணர்ந்தது 1900-இல். மெண்டலோ 1884-லேயே காலமாகிவிட்டார்.

இதன் சூட்சுமம் யாதெனில், பெரும்பாலான ஜீன்கள் நம்மிடம் இரண்டிரண்டாக இருக்கின்றன. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. ஒன்றே இருந்தாலும் வெளிப்படுவது ஓங்கு குணம். இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே வெளிப்படுவது ஒடுங்கு குணம். ஓங்கு குணம் என்பதால் அது உயர்ந்தது என்றோ, ஒடுங்கு குணம் என்பதால் அது அபூர்வமானது என்றோ கொள்ளலாகாது. 'ஓ' வகை ரத்தம் ஒடுங்கு குணமேயாயினும் நம் தேசத்தில் கோடிக்கணக்கானோரிடம் உண்டு. 'ஏ' வகைத் தந்தைக்கும் 'பி' வகைத் தாய்க்கும் 'ஓ' வகைக் குழந்தை பிறப்பதும் இயற்கையே. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நிறம், உயரம் போன்றவையோ பல ஜீன்கள் கூடிச் செய்யும் வேலை. அவை இந்த எளிய கணக்கில் அடங்கமாட்டா.

இனி நம் வழக்குக்கு வருவோம். கடுமையான தலசீமியா நோய் கண்ட குழந்தைக்கு, சில வாரங்களுக்கு ஒரு முறை பிறர் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. பெற்றோரைப் பார்த்தாலோ இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் பழுதுற்ற ஜீன் ஒன்று ஒவ்வொருவரிடமும் ஒளிந்திருக்கிறது. அத்தகைய தம்பதிகளுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வருவதற்கு நாலில் ஒரு பங்கு சந்தர்ப்பம் உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு அச்சமில்லை என்று எண்ணுவது பெருந்தவறு. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது.

உறவில் மணம் புரிவது நம் தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். அத்தை மகனும் மாமன் மகளும் தங்கள் ஜீன்களில் சராசரி எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் மருமகளும் நாலில் ஒரு பங்கையும் பொதுவாகப் பெற்றிருப்பர். ஆகையால் ஒளிந்திருக்கும் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்நியத்தில் மணந்தோருக்கும் இது நேரலாம். குறைவாக நேரும், அவ்வளவே.

எனவே, தாயும் தந்தையும் சமமாகக் கொடுத்ததற்குத் தாயை மட்டும் தூற்றுவது அநீதி. அறிந்து கொடுத்தவர் எவருமில்லையாதலால் இருவருமே குற்றவாளிகள் அல்லர். செய்யத்தக்கது ஒன்றுண்டு: கல்யாணத்துக்கு முன் இரு தரப்பாரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஒருவரிடம் மட்டும் பழுது இருந்தால் குழந்தைக்கு அந்நோய் வராது. அதற்காகப் பெண்ணையோ பிள்ளையையோ ஒதுக்க வேண்டியதில்லை. இருவரிடமும் இருந்தால் வைத்தியரின் ஆலோசனையை நாடவேண்டும். ஜாதகத்தைப் புரட்டும் நேரத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.