பச்சை பூசின பீப்பா

வகுப்புக்குப் போற பஸ் ஹென்றி-பூறாசா பார்க்கைத் தாண்டித்தான் போகும். 2008 ஆகஸ்ட் 9ஆம் திகதி அந்தப் பார்க்கில்தான் பிரெடி வில்லனுவேவாவைப் பொலிஸ் சுட்டது. ஹொண்டூராசில் பிறந்த பெடியன். வயது 18, கையில் ஆயுதமில்லை. அடுத்தநாள் இரவு மொன்ட்ரியால்-நோரில் கலவரம். பார்க்கைக் கடக்கேக்கை சுவர்களைப் பாக்கிற பழக்கம் எனக்கு வந்திட்டுது. இதே நகரத்தில் சென்-லோறன் வீதியில் 2013இலிருந்து மியூரல் விழா நடக்குது. நல்ல படங்கள்தான். ஆனால் அனுமதியோட கீறுற சுவர் எவ்வளவு தூரம் வாய் திறக்கும்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொழும்புதான் ஞாபகம் வரும். யுத்தகாலச் சென்றிப் பொயின்றுகளில் ஆமிச் சட்டை மாதிரிப் பச்சையும் மண்நிறமும் பூசின பீப்பாக்களை மறந்திருக்க மாட்டியள். சந்திரகுப்த தேனுவர எண்ட சிங்கள ஓவியர் 1997இல் அந்தப் பீப்பாக்களையே கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். கியூபிசம் மாதிரி அதுக்கு 'பரலிசம்' எண்டு பேரும் வைச்சார். ஓவியர் தெருவில் கீறேல்லை. அரசாங்கம் ஏற்கெனவே கீறி வைச்சதை இவர் எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். தினமும் ஐசியை நீட்டிக்கொண்டு தாண்டிப்போன சாமானை அங்கை நிண்டு பாக்க வேண்டியிருந்தது. அதுக்குப் பிறகு வருசாவருசம் ஜூலை 23இல், 83ஐ நினைவுவைச்சு, கண்காட்சி வைக்கிறார். தெற்கில் காணாமற்போனவர்களுக்காகச் சீதுவ ரத்தொழுவவில் நிற்கிற நினைவுச்சின்னமும் அவருடையதுதான். (சிங்களவர் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை எண்டு நானும் ஒருகாலம் சொல்லித் திரிஞ்சனான். வெக்கமாயிருக்கு.)

2019 நவம்பரில் கோட்டாபய வெண்டதும் நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களுக்குப் படம் கீற வெளிக்கிட்டினம். கொழும்பு நண்பன் சந்தோசமாப் படங்கள் அனுப்பினான். ராஜாக்கள், பூக்கள், துவக்கோட ஆமிக்காரர். "வடிவா இல்லையா மச்சான்?" எண்டு கேட்டான். வடிவுதான். சம்பளமில்லாமல் வெயிலில் நிண்டு கீறின பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவன் அனுப்பின ஒரு படத்திலும் காணாமற்போன ஒருத்தற்றை முகம் இல்லை.

அந்த முகங்கள் கிளிநொச்சியில், றோட்டோரம் இருந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாக்கள் போராட்டம் தொடங்கின இடம். கல்யாண வீட்டு அல்பத்திலும் ஐசியிலும் இருந்து பெருசாக்கின படங்களை வரிசையாக் கட்டியிருந்தவை. நான் அந்தக் கொட்டில் படத்தை நண்பனுக்கு அனுப்பினன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் பதில் வந்தது: "இதில மூண்டாவது ஆள் ஆர்?"

எனக்கும் தெரியேல்லை.