ஏரி இருக்கிறது

"கதை உண்டா?" என்றார் நண்பர். இல்லை என்றேன். "பாட்டு?" அதுவும் இல்லை. "பின் என்னதான் இருக்கிறது?" ஏரி இருக்கிறது என்றேன். விடுதி அறையிலிருந்து பாதிப்பேர் அப்போதே எழுந்து போய்விட்டனர்.

ஜேம்ஸ் பென்னிங் என்னும் அமெரிக்கர் 2004-இல் எடுத்த '13 ஏரிகள்' என்ற படத்தைச் சொல்கிறேன். ஏரிக்குப் பத்து நிமிடம். படக்கருவி வைத்த இடத்தைவிட்டு அசையாது. மேற்பாதி வானம், கீழ்ப்பாதி நீர். பேச்சு இல்லை, பின்னணி இசை இல்லை. இதனை 2014-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத்தக்க படங்களின் வரிசையில் சேர்த்தது.

மூன்றாம் ஏரியில் நான் உறங்கிப்போனேன், மறைப்பானேன்? விழித்தபோதும் ஏரிதான். ஆனால் அதன்பிறகே என் கண் வேலை செய்யத் தொடங்கிற்று. நீரின் நிறம் ஒரு கணமும் ஒன்றாக இல்லை. சால்ட்டன் ஏரியில் மோட்டார் படகு இரைந்து ஓடியபோது, என் வீட்டு வாசலில் எவனோ வம்புக்கு வந்ததுபோல் சினம் வந்தது. ஒரு நாளும் கண்டிராத ஏரி அது!

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். நம் திரைப்படங்களில் அவை பாட்டுக்குப் பின்னே தொங்கும் திரைச்சீலை. ஊட்டி வரும், கதாநாயகி ஓடுவாள், ஊட்டி போய்விடும். பழம்புலவர் முதற்பொருளோடு நின்றதில்லையே என்று இலக்கியம் பயிலும் நண்பர் கண்டிப்பார். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதனைத் தாண்டி ஓடியவர்களும் அல்லர் அவர்கள்.

"வயிறு நிறைந்தவர் பொழுதுபோக்கு" என்றார் இன்னொருவர். அவருக்கு நம் வளாகத்தையே காட்டுவேன். இதனை ஒட்டிய காஞ்சா கச்சிபவுலியின் 400 ஏக்கரில் 2025 மார்ச் இறுதியில் மண்வாரி இயந்திரங்கள் புகுந்தன. மரங்கள் சாய்ந்தன. ஏப்ரல் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. "வெறும் பாறைக்காடுதானே?" என்று கேட்டவர்கள் நம்மிடையேயும் இருந்தனர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய பாறை அது. அவர்களுள் எவரேனும் அதன் எதிரே பத்து நிமிடம் அமர்ந்திருப்பாரா?

நானும் அமர்ந்ததில்லை. படம் பார்த்த மறுநாள் காலைதான் போனேன். நான்காம் நிமிடம் கைப்பேசியைத் தேடினேன். ஆறாம் நிமிடம் ஓணான் ஒன்று வெளிப்பட்டது. அது முன்பே அங்கிருந்ததாம், நான்தான் பார்க்கவில்லை.

வரும் சனிக்கிழமை அதே அறையில் மீண்டும் திரையிடுகிறோம். தலையணை கொண்டுவரத் தடையில்லை.