மனதால் வெறுத்தால் போதுமா?

"தீமையைக் கண்டால் மனதால் வெறுத்து ஒதுங்கிவிடு, அவரவர் கணக்கு அவரவருக்கு" என்கிறார்கள். குர்ஆனின் 5:105 வசனத்தை ஆதாரம் காட்டுகிறார்கள்.

முதலில், இந்த வாசிப்பே பிழை என்று கலீஃபா அபூபக்கர் அன்றே எச்சரித்தார். அநியாயக்காரனைக் கண்டும் தடுக்காவிட்டால் தண்டனை எல்லோரையும் சூழும் என்ற நபிமொழியை நினைவூட்டினார்.

இரண்டாவது, தீமையைத் தடுக்க நபிமொழி சொல்லும் கை, நாவு, மனம் என்ற வரிசையில் மனம் கடைசி. மற்ற இரண்டும் இயலாதவருக்கே அது. ஜமாஅத் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நாவு இல்லையா?

மூன்றாவது, கை என்றால் அரிவாளா? 2017 மார்ச்சில் கோவையில் கடவுள் மறுப்பாளர் ஃபாரூக்கைக் கொன்றது கொலை, வேறொன்றுமில்லை. தண்டிப்பது அரசின் வேலை. சிறைகள் இருப்பது அதற்குத்தான். புகார் கொடுப்பதும் சாட்சி சொல்வதும் நம் வேலை. சொந்தப் பெற்றோருக்கு எதிராக இருந்தாலும் சாட்சி சொல்லச் சொல்கிறது 4:135.

"பேசினால் ஆபத்து." உண்மைதான். வக்ஃபு நிலத்துக்காகப் போராடிய ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் ஜாகிர் உசேன், தன் உயிருக்கு ஆபத்து என்று காணொளியில் சொன்னார். 2025 மார்ச் 18 அன்று, ரமலான் மாதத்தில், தொழுதுவிட்டுத் திரும்பும்போது நெல்லையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஆபத்தை ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது எந்த மார்க்கத்தில் நியாயம்? உங்கள் மஹல்லாவில் ஒருவர் புகார் எழுதினால் அடுத்த கையெழுத்தை நீங்கள் போடுங்கள்.