இளநீர் குடிச்சா கிட்னி சுத்தமாகுமா?

"கிட்னி வீக்கா? நெறைய தண்ணி குடி, இளநீர் குடி, உப்புக்குப் பதிலா இந்துப்பு போடு, சரியாயிடும்." பூரணாங்குப்பம் பக்கம் யாருக்காச்சும் கிரியேட்டினின் ஏறிடுச்சுன்னா டீக்கடையில கிடைக்கிற இலவச வைத்தியம் இதுதான்.

சொல்றவங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. அக்கறையிலதான் சொல்றாங்க. விஷயம் தெரிஞ்சவங்க வாயைத் திறக்காததால இவங்க பேசறாங்க. என் கோபமெல்லாம் அந்தத் தெரிஞ்சவங்க மேலதான்.

ஆஸ்பத்திரியில ரெண்டு நிமிஷம். "உப்பைக் குறைங்க, அடுத்த மாசம் வாங்க." கையில ஆங்கிலத்துல ஒரு டயட் சார்ட். அதுல ஓட்ஸ், ஆப்பிள்! கஞ்சியும் கருவாடும் சாப்பிடற மனுசன் அதை வெச்சு என்ன பண்ணுவார்? மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்குவார்.

ஏன்னு சொல்ல வேணாமா? ஒரு டம்ளர் இளநீர்ல 400 மில்லிகிராமுக்கு மேல பொட்டாசியம் இருக்கு. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிடும். நோய் முத்தினவருக்கு அது ரத்தத்துல தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திடலாம். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சிறுநீர் சரியா போகாதவர் அளவில்லாம தண்ணி குடிச்சா கால் வீங்கும், மூச்சு முட்டும். மூட்டுவலிக்கு கடையில சும்மா கேட்டு வாங்கற டைக்ளோஃபினாக், மிச்சமிருக்கற கிட்னியையும் கெடுக்கும். அதே சமயம், ஆரம்பக் கட்டத்துல இருக்கறவருக்கு இத்தனை கட்டுப்பாடும் தேவைப்படாது. அதனாலதான் அவரவர் நிலைமையை அவரவருக்குச் சொல்லணுங்கறேன்.

2016ல பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்துச்சு. ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ். நல்ல காரியம், ஒத்துக்கறேன். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் மெஷின்ல படுக்க வெக்க காசு இருக்கு. அந்த நிலைமையைத் தள்ளிப்போட, தமிழ்ல பத்து நிமிஷம் பேச ஒரு ஆள் போட காசு இல்லையா?

"படிக்காத சனம், சொன்னா புரியாது"ன்னு ஒரு சால்ஜாப்பு வேற. வாய்க்கா அடைச்சா வயல்ல தண்ணி தேங்கும்னு தெரிஞ்ச விவசாயிக்கு, கிட்னி வேலை செய்யலேன்னா உடம்புல தண்ணி தேங்கும்னு புரியாதா? நல்லாவே புரியும். சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த தடவை போறப்ப மூணே கேள்வி கேளுங்க. என் கிட்னி எந்தக் கட்டத்துல இருக்கு? என் பொட்டாசியம் எவ்வளவு? எங்க வீட்டுச் சாப்பாட்டுல எதைக் குறைக்கணும், எதுக்காக?

பதில் வர்ற வரைக்கும் ஸ்டூலை விட்டு எந்திரிக்காதீங்க.