ஊற்றும் அளவும் துப்பும் கிண்ணமும்

மதுபானத்துக்குத் தொலைக்காட்சி விளம்பரம் செய்ய முடியாது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் அந்த வழியை அடைத்துவிட்டன. ஆகவே வாடிக்கையாளரை எதிரே உட்காரவைத்து, இந்தத் திராட்சை எங்கே விளைந்தது, இந்தப் பீப்பாயில் எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்ல நமக்கு வாய்த்த இடம் சுவைக்கூடம்தான். நாசிக்கில் சூலா 2005இல் திறந்த டேஸ்டிங் ரூம் இந்த வழியைக் காட்டியது. பெங்களூரு–மைசூரு சாலையில் உள்ள சன்னபட்டணாவுக்கும் அது வந்து சேர்ந்தது. கர்நாடகமும் 2007இல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, நந்தி, கிருஷ்ணா பள்ளத்தாக்குகளோடு காவிரிப் பள்ளத்தாக்கையும் ஒயின் வட்டாரமாக முன்வைத்தது.

இவ்வளவும் நல்ல செய்தி. ஆனால் சன்னபட்டணாவில் சுவைத்தவர் அதன்பின் எங்கே போகிறார் என்று நாம் கேட்பதில்லை. சிலர் மைசூருக்குப் போகிறார்கள். சிலர் கொள்ளேகால் வழியாக மாதேஸ்வரன் மலை ஏறி, பாலாற்றைத் தொட்டு, கோபிநத்தத்துக் காட்டுக் குடிலில் இரவு தங்கப் போகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகள், சாலையைக் கடக்கும் யானைகள், இறங்கி உதவி கேட்க ஆளில்லாத நீண்ட தூரம். அந்தச் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறவருக்குத்தான் நாம் ஐந்து கிளாஸ் ஊற்றுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வகை, வகைக்கு 30 மில்லி என்றால் 150 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 15 கிராம் ஆல்கஹால். அறுபது கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் 35 மில்லிகிராமைத் தாண்டிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அனுமதிப்பது 30 மில்லிகிராம். நாம் ‘ருசி பார்க்க மட்டும்’ என்று கொடுப்பதே அவரைச் சட்டத்தின் தப்பான பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. 20 மில்லியாகக் குறைத்தால் அதே மனிதர் 25க்கு அருகில் நிற்பார். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கோ அந்த 20 மில்லியும் அதிகம். ஆக, அளவைக் குறைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, விழுங்காமல் துப்புவது.

துப்பும் கிண்ணத்தை நம் ஊழியர்களே மேசைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்ற கூச்சம் விருந்தினருக்கு. அதை எடுத்துச் சொல்லும் கூச்சம் நமக்கு. குன்னூர் தேயிலைத் தரகர்களின் சுவைப்பாளர் வரிசையாக வைத்த கோப்பைகளில் உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிக்கொண்டே போகிறார். பெங்களூரில் காபி தரம் பார்ப்பவரும் அப்படித்தான். அங்கே அது தொழில். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஊற்றுகிறவர் தானே முதலில் ஒரு வாய் சுவைத்து, துப்பிக் காட்டட்டும். விருந்தினரின் கூச்சம் அங்கேயே பாதி போய்விடும்.

குறைவாக ஊற்றினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்களே என்று விற்பனைப் பிரிவு கேட்கும். அளவில் குறைந்ததை அனுபவத்தில் கூட்ட வேண்டும். ஷிராஸ் கிளாஸின் பக்கத்தில் நான்கு குறுமிளகை நசுக்கி வையுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி முகரச் சொல்லுங்கள். மிளகுக்கு அதன் காட்டமான மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது என்று 2008இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சாவினியோன் பிளாங்குக்கு ஒரு துண்டு கொய்யாவும் ஒரு கீற்றுக் குடமிளகாயும் போதும். பிளாக்கரன்ட், கூஸ்பெரி என்று விருந்தினர் கண்ணால்கூடப் பார்க்காத பழங்களை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட, அவர் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதைக் காட்டினால் ஒயின் அவருக்குப் பிடிபடும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் கொடுக்கலாம் என்பது குளிர்நாட்டு அறைக்குப் பொருந்தும். ஏப்ரல் மாதச் சன்னபட்டணாவில் அது ஒயினைக் கெடுக்கும்; 16 முதல் 18 டிகிரியில் கொடுங்கள்.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உத்தரவிட்டது. குடித்துவிட்டு ஓட்டியதால் நடந்த சாவுகள்தான் அதற்குக் காரணம். நாமாக ஒழுங்கு செய்துகொள்ளாவிட்டால், அடுத்த உத்தரவு சுவைக்கூடத்தின் வாசலுக்கு வர நாளாகாது.

வாசகர்களான ஒயினரி, மதுவடிப்பாலை, மைக்ரோபுரூவரி நிர்வாகிகளிடம் மூன்று கோரிக்கைகள். ஊற்றும் அளவை 20 மில்லியாக்குங்கள். பீருக்கும் விஸ்கிக்கும் அவற்றின் வீரியத்துக்கு ஏற்ப அளவு வகுத்து, சுவரில் எழுதி வையுங்கள். துப்பும் கிண்ணத்தை ஒவ்வொருவர் முன்னாலும் வையுங்கள். சீட்டுக் கொடுக்கும்போதே வண்டி ஓட்டுபவர் யார் என்று கேளுங்கள். அவருக்குக் கட்டணம் வேண்டாம். நல்ல திராட்சைச் சாறும் சாப்பாடும் கொடுங்கள், அவர் பங்கு ஒயினைச் சிறு புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப உரிமம் இடம்தருமா என்று கலால் துறையிடம் கேட்டுப் பெறுங்கள். இதற்கு ஆகும் செலவு சொற்பம். அடுத்த அறுவடைக் கூட்டம் வருவதற்குள் செய்துவிடுங்கள்.