மெயிலோடு வரும் கோப்பு



ஆரணிப் பட்டின் கரையும் முந்தியும் இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் பிறக்கின்றன. கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக வரைந்த டிசைன், இன்று படக்கோப்பாகி, தறிக்கு அட்டை குத்துகிறவரிடம் போகிறது. வெளியூர்க் கடைகளின் ஆர்டரும் மெயிலில் வருகிறது. அதனால் டிசைன் போடுகிறவர்களிடமும் ஜவுளிக்காரர்களிடமும் இந்த மாதம் ஒரு விஷயம் பேச வேண்டும்: மெயிலோடு வரும் வைரஸ்.

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் மெயிலில் இணைந்து வந்தது. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவிட்டதால் சாதாரண எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தானே போய்ச் சேர்ந்தது. கம்ப்யூட்டரிலிருந்த ஜேபெக் படங்களை அழித்து, அந்த இடத்தில் தன்னையே எழுதிக்கொண்டது. ஒரு டிசைனரின் பல வருட உழைப்பு அப்படிப் போவதை நினைத்தாலே மனம் பதறுகிறது. தெரிந்தவர் பெயரில் வந்ததால்தான் அத்தனை பேர் திறந்தார்கள்.

மெயில் மென்பொருளோடு சேர்கிற ஆன்டிவைரஸ் பிளக்-இன், நீங்கள் திறப்பதற்கு முன்பே இணைப்பைச் சோதிக்கும். தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டு, கெட்டதைத் தனியே பூட்டி வைக்கும். அடையாளப் பட்டியல் பழசானால் புது வைரஸ் தப்பிவிடும், அப்டேட்டை நிறுத்தாதீர்கள். ஆன்டிவைரஸ் வெளிநாட்டுச் சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1991-இல் கேசவர்தனன் சென்னையில் தொடங்கிய கே7 நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் ஜப்பான் வரை விற்றது. எனக்கு அதில் பெரிய பெருமை.

தண்டர்பேர்டு மெயில் மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஒன்றை அவசியம் பாருங்கள். ஒரு ஃபோல்டரின் மெயில்கள் அத்தனையையும் அது வழக்கமாக ஒரே கோப்பில் சேர்த்து வைக்கிறது. அதில் ஒரே ஒரு மெயிலில் வைரஸ் இருந்து, ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பையே தூக்கிவிட்டால் இன்பாக்ஸ் முழுவதும் காணாமல் போகும். ஆர்டர், கணக்கு, டிசைன் எல்லாம் சேர்ந்துதான். வரும் மெயில்களைத் தனித்தனியாக ஒதுக்க ஆன்டிவைரஸை அனுமதிக்கும் கட்டம் ஒன்று தண்டர்பேர்டின் பாதுகாப்பு அமைப்புகளில் இருக்கிறது. இன்றே டிக் செய்யுங்கள்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பின் உள்ளே பிளக்-இன்னால் பொதுவாகப் பார்க்க முடியாது. ‘ஆர்டர் விவரம்’ என்று அப்படி ஒன்று வந்து, பாஸ்வேர்டும் அதே மெயிலில் இருந்தால், திறக்காமல் கடைக்காரருக்கு போன் போட்டு அவர்தான் அனுப்பினாரா என்று கேளுங்கள். ஏமாந்து பணமே போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

உங்கள் டிசைன் கோப்புகளை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்